பட்டு உடுத்திய புத்தகங்கள்

பத்து வயதிலிருந்து இருபத்தொன்பது வயது வரை கமலவேணிக்கு ஒரு கதையின் முடிவும் தெரியாது. படிக்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். கிடைத்ததையெல்லாம் படித்தாள். கிடைத்ததெல்லாம் பொட்டலக் காகிதம். வெல்லம் கட்டி வந்த காகிதத்தில் ஒரு ஜமீன்தார் துப்பாக்கியை எடுப்பார். யாரைச் சுட்டார் என்பது யார் வீட்டு மிளகாய்ப் பொட்டலத்தோடு போனதோ, யார் கண்டது? அவள் காகிதத்தைத் தொடைமேல் வைத்து நீவுவாள். முன்பக்கம் படித்து, பின்பக்கம் படித்து, திரும்ப முன்பக்கம் வருவாள். பிசுக்கில் மறைந்த எழுத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். மிச்சக் கதையை மனசுக்குள் தானே கட்டிக்கொண்டு, அடுப்பில் காகிதத்தைப் போடுவாள்.

பிறந்தது பிள்ளையார்பாளையம். அஞ்சாம் வகுப்பு முடித்ததும் அப்பா தறிக்கு இழுத்துக்கொண்டார். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோக்க வேண்டும் என்றால் நெய்கிறவனுக்கு இரண்டு கை போதாது, இடப்பக்கம் உட்கார்ந்து இழை கொண்டு ஓடும் நாடாவை வாங்கித் திருப்பிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் கமலவேணி. பதினேழு வயதில் இரண்டு தெரு தள்ளி நமச்சிவாயத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயும் அதே இடப்பக்கம், அதே நாடா. அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஊர்க்காரர்களைக் கோயில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். விரல் மடக்கி ஆரம்பித்தால் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும். படிக்க இடம் எங்கே என்று கேட்டால் கையைத் தூக்கி ஏதோ ஒரு திசையைக் காட்டுவார்கள். பெரிய நூலகம் ஊருக்குள் இருக்கத்தான் இருந்தது. போய்வர அரை நாள். தறியில் அரை நாள் போனால் கரை அரை முழம் போச்சு. அந்தத் தெருவிலிருந்து ஒரு பொம்பளையும் அந்தப் படியேறியதில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் தெருமுனை வீட்டுக்கு ஜீவந்தரன் குடும்பம் வந்தது. கூரம் பக்கத்து ஆட்கள், சமணர். தெருவில் 'நயினார் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் நெல் மண்டி வைத்திருந்தார். மனைவி சுகுமாரிக்கு நாற்பதுக்கு மேல் வயது, மெலிந்த உடம்பு, குரல் உயராது. பெண்ணைத் திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வண்டியிலிருந்து பண்டபாத்திரம் இறங்கியதைவிடப் புத்தகம்தான் அதிகம் இறங்கியது. இரண்டு பெரிய தகரப்பெட்டி நிறையப் புத்தகம். சுகுமாரியின் அப்பா ஆதிநாதன் விட்டுப்போன சொத்து அது.

ஒருநாள் படி அரிசி திருப்பிக் கொடுக்கப் போன கமலவேணி, முன்னறைச் சுவரை மறைத்து நின்ற அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை காகிதம் ஒரே இடத்தில் பிசுக்கில்லாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"படிப்பியா?" என்றார் சுகுமாரி.

"அஞ்சாவது."

"அதைக் கேக்கலை. படிப்பியா?"

கமலவேணி தலையாட்டினாள். சுகுமாரி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போய்ப் படி. முடிச்சதும் கொண்டாந்து குடு."

"வூட்டுக்கா? கிழிஞ்சிடுச்சின்னா?"

"ஒட்டிக்கலாம்."

"திரும்பக் குடுக்காம இருந்துட்டேன்னா?"

"எங்க போயிடுவே? பத்து வாசல் தள்ளித்தானே இருக்கே."

கமலவேணி புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சொம்பு இரவல் கொடுத்தால் மறுவேளையே வாசலில் வந்து நிற்கிற தெரு அது. மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அவ செத்துப்பூட்டாக்கா."

"ஆமா."

"அதோட முடிஞ்சேபூடுச்சி. அடுத்த பக்கம் வெறும் அட்டைதான் இருக்குது."

"கதைன்னா முடியத்தானே செய்யும் கமலா."

இருபத்தொன்பது வயதில் அவளுக்கு அது ஒரு இடிபோல இருந்தது. இத்தனை வருஷம் தான் மனசுக்குள் கட்டிவைத்த கதைகள் அத்தனைக்கும் எங்கேயோ ஒரு முடிவு இருந்திருக்கிறது. அந்த ஜமீன்தார் யாரையோ சுட்டுத்தான் இருக்கிறார்.

புத்தகம் கொடுப்பது அவளோடு நிற்கவில்லை. சமணர் வழக்கத்தில் தானம் நாலு: சோறு, மருந்து, அடைக்கலம், நூல். "முதல் மூணும் இந்தத் தெருவுல எப்படியோ நடந்துக்கினு இருக்குது, நாலாவதுக்குத்தான் ஆள் இல்லை" என்பார் சுகுமாரி. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அந்த அறையைத் திறந்துவைத்தார். முதலில் பொம்பளைகள் வந்தார்கள். பின்னால் ஆம்பிளைகள், வேறு வேலையாக வந்தவர்கள்போல, எட்டிப் பார்த்தார்கள். இழை சுற்றிப் பிழைக்கிற மணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புத்தகம் எடுத்துப்போவார். பக்கத்து வீட்டில் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார், நடுவில் நிறுத்தினால் வைவார். காசிநாதன் என்று ஒரு நெசவாளி இருந்தான். தறி ஓயும் நாட்களில் நமச்சிவாயத்தின் தறிக்கூடத்தில் வந்து உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். நமச்சிவாயம் மிதியில் கால்வைத்தபடி கேட்பான். நல்ல கட்டம் வந்தால் நாடா நின்றுவிடும். இதனால் ஒரு சேலையில் இரண்டு விரல் அளவுக்கு நெசவு இறுக்கம் குறைந்து, முதலாளியிடம் பேச்சு வாங்கியதும் உண்டு. அவன் அதற்காக வருத்தப்படவில்லை.

நாலு வருஷத்தில் நூற்றெழுபத்திரண்டு புத்தகங்களில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் சுற்றிவந்துவிட்டன. ஒன்றும் தொலையவில்லை.

சுகுமாரியிடம் இரண்டு மூன்று விஷயங்கள் மட்டும் தெருவுக்குப் பிடிபடவில்லை. எந்த வீட்டுக்கு வந்தாலும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார், தறி இருக்கிற கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. 'கொஞ்சம் ராங்கிதான்' என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எப்போதும் பருத்திச் சேலை. 'மண்டிக்காரர் கையை இறுக்கி வச்சிருக்காரு' என்று சிலர். ஒரு கல்யாணத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து நல்ல மயில்கழுத்துப் பட்டுச் சேலை ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். "இவ்ளோ பெரிசெல்லாம் எனக்கு வேணாம்மா" என்று வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். எவ்வளவு அடக்கம் பாரு என்று தெரு உருகியது. உருகத் தெரிந்த தெருவுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, அதுதான் கோளாறு.

அறுபத்தெட்டு ஐப்பசியில் பெண்ணின் பிரசவத்துக்காகச் சுகுமாரி திண்டிவனம் போனார். தெருப்பக்கம் திறக்கிற முன்னறையின் சாவியைக் கமலவேணியிடம் கொடுத்தார். அந்த வருஷம் அடைமழை. பாவு நூலை வீதியில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வழியில்லை, தறிக்குழிகளில் ஊற்றுத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. தெரு முழுக்க வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நயினார் வீட்டு அலமாரிக்குப் பின்சுவரும் ஓதம் கட்டியது. கமலவேணி திறந்து பார்த்தபோது பாதிப் புத்தகங்களின் அட்டை ஊறிக் கையோடு வந்தது. நாலு வருஷம் நாற்பது வீடு சுற்றியதில் தையல் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

"அந்தம்மா நமக்கு இவ்ளோ குடுத்துக்கினு இருக்குது. நாம இன்னா குடுத்தோம்?" என்றார் மணியம்மாள். "சேலை குடுத்தா வாங்காது. புஸ்தகத்துக்குக் குடுத்தா வேணாம்னு சொல்ல முடியாதில்ல."

சொன்ன மாத்திரத்தில் தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. பாவு முடியும்போது கடைசியில் மிஞ்சுகிற துண்டு ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிக்கடியில் கிடக்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, சிலதில் விரற்கடை சரிகை. அத்தனையும் வெளியே வந்தன. அச்சகத்தில் கொஞ்சநாள் வேலை பார்த்திருந்த காசிநாதன் தைக்கச் சொல்லிக்கொடுத்தான். பருத்தி நூலில் தைக்கலாம் என்றவனை நமச்சிவாயம் ஒரு பார்வை பார்த்தான்.

"நூல் அறுந்துபூடும்பா. பட்டு இழை நாலை முறுக்கித் தை. நம்ம பேரன் காலத்துக்கும் அப்படியே நிக்கும்."

உள்தையல் பட்டில், மேலட்டை பட்டில், புளியங்கொட்டைப் பசை போட்டு இறுக்கி ஒட்டினார்கள். முப்பத்தைந்து நாள் அந்த வேலைதான். எந்த வீட்டுப் பட்டு எந்தப் புத்தகத்துக்கு என்று சண்டைகூட வந்தது. தன் கல்யாணச் சேலையின் முந்தானையில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுவந்தாள் கமலவேணி. சுகுமாரி அவளுக்கு முதன்முதலில் கொடுத்த புத்தகத்துக்கு அது.

மார்கழி பிறந்து நாலாம் நாள் சுகுமாரி வந்தார். வண்டி நிற்கும்போதே தெருக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். காலைக் கழுவக்கூட விடாமல் முன்னறைக்குக் கூட்டிப்போனார்கள். கமலவேணி அலமாரியின் இரண்டு கதவையும் ஒரே இழுப்பில் திறந்தாள்.

ஐந்து தட்டும் பளபளத்தன. கதவுவழியே வந்த வெயிலில் சரிகை மின்னியது.

சுகுமாரி சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். புத்தகத்துக்கு ஒரு விரற்கடை இருக்கையில் கை நின்றது. அடுப்பில் காய்ந்த சட்டியைத் தொட இருந்தவர்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எல்லாமா?"

"எல்லாந்தாங்கா. நூத்தி எழுபத்தி ரெண்டு. ஒண்ணு விடலை."

"உள்ள... தைச்சது?"

"அதுவும் பட்டுதாங்கா. கெட்டியா இருக்கணும்னு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கமலவேணியின் கை இன்னும் அலமாரிக் கதவில் இருந்தது. முப்பத்தைந்து நாள் கண்ட கனவில் இப்படி ஒரு முகம் வரவேயில்லை. பின்னால் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. நாம் தொட்டது அவங்களுக்கு ஆகலையோ? இத்தனை நாள் வாசலோடு நின்றதற்கு இதுதான் காரணமோ? மணியம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார்.

செவ்வாய் வந்தது, கதவு திறக்கவில்லை. வெள்ளியும் அப்படியே. கமலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. பட்டினி கிடந்து பழகியவளுக்குச் சாப்பாட்டைக் காட்டிவிட்டுப் பிடுங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மூன்றாம் வாரம் மண்டிக்குப் போக இறங்கிய ஜீவந்தரனை வழியில் நிறுத்திவிட்டாள்.

"நாங்க இன்னாங்க தப்பு பண்ணோம்?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தப்பு ஒண்ணுமில்லம்மா. அவ பட்டைத் தொடமாட்டா. கல்யாணத்துக்கு முந்தியே எடுத்துக்கின நோன்பு. எங்க ஆளுங்கள்ல பட்டு கட்டறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. இவ மாட்டா."

"ஏங்க? பட்டு சுத்தந்தானே? சாமிக்கே சாத்தறாங்க."

"புழு சாவுதேம்மா."

"இன்னாத்துக்கு சாவுது?"

ஜீவந்தரன் நிமிர்ந்து பார்த்தார். இப்போது திகைத்தது அவர். பட்டிலேயே பிறந்து பட்டிலேயே பிழைக்கிற பெண் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அவள் விளையாடவில்லை. பட்டு அந்தத் தெருவுக்கு மைசூர்ப் பக்கத்திலிருந்து நூலாகவே, சிட்டம் சிட்டமாகச் சுற்றி வரும். பூச்சி கக்குகிற நூல் என்று தெரியும். கக்கிவிட்டு அது பறந்து போய்விடும், குருவி விட்டுப்போன கூடு மாதிரி, அதைத்தான் யாரோ எடுத்துப் பிரிக்கிறார்கள் என்றுதான் தெருவில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புழுவையாவது கண்ணால் பார்த்தவர் அங்கே கிடையாது.

"பொது அறிவுன்னு ஒரு தடிப் புஸ்தகம் இருக்குது பாரு, அதுல போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

முன்னறைச் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது, போய்த் திறந்தாள். நாலு வருஷத்தில் அந்தப் புத்தகத்தை ஒருவரும் இரவல் கேட்டதில்லை, கதை இல்லாத புத்தகம் யாருக்கு வேண்டும்? இப்போது அது கிளிப்பச்சைப் பட்டில் இருந்தது, நமச்சிவாயம் தன் கையால் ஒட்டியது. நின்றபடியே புரட்டினாள். பட்டுக் கூடு என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம். பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகி இழை அறுந்துவிடும். ஆகவே புழு உள்ளே இருக்கும்போதே கூட்டைக் கொதிநீரில் இடுவார்கள். ஒரு சேலைக்குச் சில ஆயிரம் கூடுகள் வேண்டும்.

மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே தையல் ஓடியது, வெள்ளைப் பட்டு, நாலு இழை முறுக்கு. அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள், தன் இரண்டு கையையும் பார்த்தாள். இருபத்து மூன்று வருஷம் நாடா போட்ட கை. எத்தனை சேலை? சில ஆயிரத்தை எத்தனையால் பெருக்குவது? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் போய் நமச்சிவாயத்துக்குப் படித்துக் காட்டினாள். அவன் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி கேட்டான்.

"உயிரோடயா?" என்றான்.

"அப்படித்தான் போட்டிருக்குது."

"நம்ம ஒருத்தருக்கும் தெரியாதே கமலா." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சா மட்டும் இன்னா பண்றது? வேற இன்னா வேலை தெரியும் நமக்கு?" என்றான். அன்று அவன் சாப்பிடாமல் படுத்தான். மறுநாள் தறி ஓடியது. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, தெருவில் நாற்பது தறியும் ஓடின. ஆனால் ஒவ்வொரு வீடாக விஷயம் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு தறியும் கொஞ்ச நேரம் நின்றது என்பதும் உண்மை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷம் அந்த அம்மாள் இதைத் தெரிந்துகொண்டே அவர்கள் நடுவில் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. தறிக்கூடத்துக்குள் வராததுதான் அவர் காட்டிய எதிர்ப்பு முழுவதும். அதையும் ராங்கி என்று சொல்லியிருக்கிறோமே என்று கமலவேணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். தன் முந்தானை போர்த்திய புத்தகத்தையே முதலில் வீட்டுக்கு எடுத்துவந்தாள். ஈரத்துணி வைத்துப் பசையை ஊறவைத்து நுனியைப் பிடித்து இழுத்தாள். புளியங்கொட்டைப் பசை லேசில் விடுமா? அட்டை நார்நாராக வந்தது, முதல் இரண்டு பக்கமும் அதோடு வந்தன. தையலை அறுத்தாள். அறுத்ததும் பக்கங்கள் பிடிப்பில்லாமல் மடியில் சரிந்தன. அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் நயினார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சுகுமாரி திறந்தார். குலைந்து கிடந்ததைப் பார்த்தார். அன்றைக்கு அலமாரி முன்னால் நின்றபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை.

"யாரு பண்ணது?"

"நான்தாங்கா. எல்லாத்தையும் உரிச்சி எடுத்துடறேன். நீங்க தொடணும்ல."

"வேணாம்." முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "நீ போத்தினது தெரியாம செஞ்சது. இது தெரிஞ்சி செய்யறது. புழு செத்தது செத்துப்போச்சு, திரும்பாது. புஸ்தகத்தையும் ஏம்மா சாவடிக்கறே?"

கமலவேணி அங்கேயே அழுதாள். சுகுமாரி ஒரு கட்டத்தில் அவள் தோளைத் தொட்டார். அவள் கட்டியிருந்தது பருத்தி என்று முதலில் பார்த்துவிட்டுத் தொட்டார், அதையும் அவள் கவனித்தாள்.

"மேல காகிதம் சுத்திட்டா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உள்ள இருக்கறது பட்டுதானே கமலா. நோன்பு எடுத்தவ நான். புஸ்தகம் எந்த நோன்பும் எடுக்கலை. தெரு படிக்கட்டும். சாவி உன்கிட்டயே இருக்கட்டும், நீ எடுத்துக் குடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அந்த வாரமே அறை திறந்தது. முதல் ஆளாக மணியம்மாள் வந்தார். வாசலிலேயே நின்று, "தெரியாமப் பேசிட்டேன்மா, மனசுல வச்சிக்காதே" என்றார். சுகுமாரி அலமாரிக்கு இரண்டு முழம் தள்ளி மணை போட்டு உட்கார்ந்தார். 'அந்த மஞ்சளை எடுத்துக் குடு, அவருக்கு அது பிடிக்கும்' என்பார், 'கடைசித் தட்டுல மூணாவது' என்பார். எந்தப் புத்தகத்தில் எந்தக் கட்டம் எந்தப் பக்கத்தில் என்று வாயாலேயே சொன்னார். சிரித்தார், பேசினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று தெரு மறந்துபோனது. கமலவேணியும் மறந்துபோனாள், அதை ஒளிப்பானேன்? அவள் அடுத்த ஏழு மாதத்தில் இருபத்தாறு புத்தகம் படித்தாள்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காற்று கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அறையைத் திறக்கக் கொஞ்சம் முன்னதாகவே வந்த கமலவேணி, ஆளைக் காணாமல் பின்கட்டுக்குப் போனாள். சுகுமாரி கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். துவைகல்லின்மேல் ஒரு வெல்ல உருண்டை வெறுமனே கிடந்தது. அதைக் கட்டிவந்த காகிதம் அவர் கையில் இருந்தது. காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். படித்தார். திருப்பினார். பின்பக்கம் படித்தார். பிசுக்குப் பட்ட மூலையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார்.

அந்தத் திருப்பலும், வெயிலுக்குத் தூக்குவதும் கமலவேணிக்குத் தெரியாததா? பத்தொன்பது வருஷம் அவள் செய்த வேலை. மண்டியில் வாங்குகிற செய்தித்தாள் அங்கேயே மாதிரி நெல்லை மடித்துக் கொடுக்கக் கிழிந்துபோகும், வீட்டுக்கு வராது. ஜீவந்தரன் படிக்கிறவர் இல்லை, கேட்டு வாங்குகிற பழக்கம் சுகுமாரிக்கும் இல்லை. முன்னறையில் அப்பா விட்டுப்போன நூற்றெழுபத்தொரு புத்தகம் இருக்க, அதன் சொந்தக்காரர் ஏழு மாதமாகப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டு நிற்கிறார். நாம் கொடுத்த பரிசு இது.

காலடிச் சத்தம் கேட்டுச் சுகுமாரி திரும்பினார். காகிதத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தப்பு செய்து பிடிபட்டவர்போல அவர் முகம் சிவந்ததைப் பார்க்கக் கமலவேணியால் முடியவில்லை.

"இன்னா கதைக்கா அது?" என்று கேட்டாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரு பொண்ணு ரயில்ல ஏறுது," என்றார் சுகுமாரி மெதுவாக. "எங்க போவுதுன்னு தெரியலை."

"உள்ள வாங்கக்கா."

கமலவேணி அலமாரியைத் திறந்து அரக்கு நிறப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். சுகுமாரியை மணையில் உட்காரவைத்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிரித்து, அவர் கண்ணுக்கு நேராக, கை படாத தூரத்தில் பிடித்துக்கொண்டாள். தனக்கு அட்டை மட்டும்தான் தெரிந்தது, அரக்குப் பட்டும் அதன் சரிகையும்.

சுகுமாரி அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பார்த்தார். அவர் கண் முதல் வரியில் விழுந்து, ஓடி, அடுத்த வரிக்கு இறங்கியது. அந்த வேகத்தைப் பார்த்த கமலவேணி, புத்தகம் அசையாமல் இருக்க முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரும் உள்ளே நுழையவில்லை. சுகுமாரி லேசாகத் தலையசைத்தார். கமலவேணி பக்கத்தைப் புரட்டினாள்.

இருபது பக்கம் போனபின், "கை வலிக்கும் கமலா, போதும்" என்றார்.

"தறிக்கைதாங்கா இது. நீங்க படிங்க."